வேட்டைக் கத்திக்கு இந்தச் சின்னச் சாணை போதுமா? ஒர்க் ஷார்ப் கைடட் ஃபீல்ட் ஷார்ப்பனர் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேட்டைக்குப் போகும் பையில் ஒரே ஒரு சாணைக் கருவிக்குத்தான் இடம் என்றால் நான் எடுத்து வைப்பது இதைத்தான். வீட்டில் மேஜைமேல் வைத்து நிதானமாகச் சாணை பிடிக்க இதைவிட நல்ல கற்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றியும் கீழே சொல்கிறேன். ஆனால் மானைப் பாதி உரித்து முடித்த நிலையில், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும்போது, கையெல்லாம் கொழுப்பும் ரத்தமுமாக இருக்கும்போது, கத்தி தோலில் இறங்காமல் சறுக்க ஆரம்பித்தால் வீட்டிலிருக்கும் கல்லால் என்ன பிரயோஜனம்? மழுங்கிய கத்தியை அழுத்தி அழுத்தி வெட்டுவதுதான் இந்த வேலையில் இருக்கிற பெரிய ஆபத்து. உடலுக்குள் கையை விட்டு, கத்தியின் முனை எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் பல இடங்களில் அறுக்க வேண்டியிருக்கும். அங்கே அழுத்தம் கொடுத்தால் கத்தி சட்டென்று விடுபட்டு அடுத்த கையில்தான் இறங்கும், அல்லது குடலைக் கிழித்து இறைச்சியைக் கெடுக்கும்.

கருவி கைக்கு அடக்கமானது. ஒரு பக்கம் 220 கிரிட் வைரத் தகடு, மறுபக்கம் 600 கிரிட் வைரத் தகடு (கிரிட் என்பது சொரசொரப்பின் அளவு, எண் கூடக் கூட வழவழப்பு), இரண்டும் சுமார் 4 அங்குல நீளம். ஒரு விளிம்பில் பீங்கான் கோல் ஒன்று இருக்கிறது, அதைத் திருப்பினால் சொரசொரப்பான முகம், வழவழப்பான முகம், தூண்டில் முள் தீட்டுவதற்கான பள்ளம் என்று மூன்று நிலைகள். இன்னொரு விளிம்பில், தீட்டி முடித்த கத்தியைக் கடைசியாக இழுப்பதற்குத் தோல் பட்டை. பல் வைத்த கத்திகளுக்கென்று தனியாக ஒரு மெல்லிய பீங்கான் குச்சியும் உண்டு. தகடுகள் காந்தத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கழற்றினால் உள்ளே அம்பு முனையைத் திருகிக் கழற்றும் சாவி இருக்கும். வில் வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. எனக்கு வில் பழக்கம் இல்லை, அதனால் அந்தச் சாவியைப் பற்றி வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இந்தக் கருவியின் உயிர் தகட்டின் ஓரங்களில் இருக்கும் அந்தச் சரிவுகள்தான். 20 டிகிரி சாய்வு. கத்தியை அந்தச் சரிவின்மேல் படுக்க வைத்து, அந்தச் சாய்வைக் கை மணிக்கட்டு பிடித்துக்கொண்டதும் அப்படியே தகட்டின்மேல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அடுத்த இழுப்புக்கு மறுபடியும் சரிவிலிருந்தே தொடங்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் சாணை பிடிப்பதில் பெரும்பாலானோருக்கு வராதது இந்தக் கோணம் மாறாமல் இருப்பதுதான். ஒரு இழுப்பு 15, அடுத்தது 25, அதற்கடுத்தது 18 என்று போனால் வெட்டுவாய் உருண்டு போகும், எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கூர் ஏறாது. குளிரில் விரல் விறைத்திருக்கும்போது, தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், கை தேர்ந்தவருக்கே கோணம் ஆடும். அங்கே இந்தச் சரிவு தரும் உதவி பெரியது.

சரி, ஏன் 20? சமையலறையில் காய் நறுக்கும் மெல்லிய கத்திக்குப் பக்கத்துக்கு 15 டிகிரி அழகாக வேலை செய்யும். ஆனால் வேட்டையில் அதே கத்தி தடித்த தோல், மயிர், சவ்வு, தசைநார், மூட்டு என்று எல்லாவற்றையும் சந்திக்க வேண்டும், எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் எலும்பில் ஒருமுறையாவது படும். அந்த வேலையில் 15 டிகிரி விளிம்பு மடங்கும், கடினமான எஃகாக இருந்தால் சில்லு சில்லாகப் பெயர்ந்து உதிரும். 25 டிகிரி என்றால் கத்தி உழைக்கும், ஆனால் தோலுக்கும் சதைக்கும் நடுவிலுள்ள மெல்லிய சவ்வைப் பிரிக்கும்போது கனமாகத் தெரியும். 20 இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்கிறது. பீங்கான் கோலின் பக்கத்தில் வழிகாட்டி 25 டிகிரியில் இருக்கிறது, அது வேண்டுமென்றே செய்தது. 20-ல் தீட்டிய விளிம்பின் நுனியில் (கத்தியின் முனையைச் சொல்லவில்லை, வெட்டும் கோட்டைத்தான் நுனி என்கிறேன்) மட்டும் 25-ல் லேசாக இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன இரண்டாம் சரிவு விழும், அது நுனியைப் பலப்படுத்தும். நடுவில் கூர் குறைந்தால் பெரும்பாலும் வைரத்துக்கே போக வேண்டாம், இந்தப் பீங்கானில் நாலு இழுப்பு போதும்.

எப்படிப் பிடிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கருவி சரியில்லை என்று குறை சொல்பவர்களில் பலர் இந்த ஒரு இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். முதல்முறை தீட்டுவதற்கு முன் வெட்டுவாயின் சரிவு முழுக்க, அதாவது நுனியை நோக்கி மெலிந்து இறங்கும் அந்தப் பட்டை முழுக்க, அழியாத மார்க்கர் மையைப் பூசுங்கள். 600 தகட்டில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மை நுனிவரை அழிந்திருந்தால் உங்கள் கத்தியும் 20 டிகிரிதான், வேலை சீக்கிரம் முடியும். நுனியில் மை அப்படியே இருந்து மேல்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் கத்தியின் கோணம் 20-ஐவிட அகலம், 220-ல் உட்கார்ந்து நிறைய எஃகை எடுத்தால்தான் நுனியைத் தொட முடியும். இந்த வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள், காட்டுக்குப் போய் ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் பிசிறு. ஒரு பக்கத்தையே தொடர்ந்து தீட்டும்போது நுனியில் எஃகு மெல்லியதாகி மறுபக்கம் மடங்கி எழும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலைக் கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி, நுனிக்கு வெளியே போகும்படி லேசாகத் தடவினால் ஒரு சொரசொரப்பு தட்டும் (நுனியின் நீளவாக்கில் தடவக் கூடாது, விரல் போய்விடும்). அந்தச் சொரசொரப்பு பிடியின் அருகிலிருந்து முனைவரை விட்டுவிடாமல் எழுந்திருக்க வேண்டும். எழவில்லையென்றால் அந்த இடத்தில் நுனியை இன்னும் தொடவே இல்லை என்று அர்த்தம். எழுந்த பிறகு மறுபக்கமும் அதே மாதிரி. அதற்குப் பிறகு பக்கத்துக்கு ஒன்றாக, ஒவ்வொரு இழுப்புக்கும் கையின் கனத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தி தன் எடையிலேயே தகட்டில் போவதுபோல விட வேண்டும். பிசிறு போகாத கத்தி தாளை அழகாக அறுத்துக் காட்டும், தோலில் இரண்டு வெட்டு விழுந்ததும் மழுங்கிவிடும். புதிதாகத் தீட்டிய கத்தி சீக்கிரம் கூர் போகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், எஃகை அல்ல.

வேட்டைக் கத்திகளில் வயிற்றுப் பகுதி வளைந்திருக்கும், தோல் உரிப்பதே அந்த வளைவால்தான். இழுப்பு அந்த வளைவுக்கு வரும்போது பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் முனைக்குப் பக்கத்தில் கோணம் படுத்துவிடும். சரிவு வழிகாட்டி இதற்கு உதவாது, இது கைப்பழக்கம்தான்.

வைரத் தகட்டைப் பற்றி ஒன்று. அழுத்தவே கூடாது. வைரத் துகள்கள் நிக்கல் பூச்சில் பதிந்து நிற்கின்றன, பலமாக அழுத்தினால் துகள் பிடுங்கிக்கொண்டு வரும், தகடு மொட்டையாகும். புதுத் தகடு முதலில் அதன் எண்ணைவிடச் சொரசொரப்பாகத்தான் இருக்கும், சில கத்திகள் ஓடிய பிறகு படியும். எண்ணெய் தேவையில்லை, தண்ணீர் கூடக் கட்டாயமில்லை, அதுவே காட்டில் பெரிய வசதி. கொழுப்பும் எஃகுத் தூளும் அடைத்துக்கொண்டால் சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும்.

வைரம் ஏன் முக்கியம் என்பது உங்கள் கத்தியின் எஃகைப் பொறுத்தது. 420ஹெச்சி, 12சி27, 14சி28என் போன்ற எஃகு வகைகள் சாதுவானவை, எந்தக் கல்லிலும் சுலபமாகத் தீட்டலாம், சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லே தாராளம். ஆனால் எஸ்30வி போன்ற எஃகில் சுமார் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது, அதனால் உள்ளே உருவாகும் வனேடியம் கார்பைடுத் துணுக்குகள் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. கல் அந்தத் துணுக்குகளைச் சுற்றியுள்ள எஃகைத் தேய்க்குமே தவிர அவற்றை வெட்டாது. வைரம் இரண்டையும் ஒன்றாக வெட்டும். கூர் நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்று விலை கொடுத்து அந்த வகைக் கத்தியை வாங்கிவிட்டு, அதைத் தீட்ட முடியவில்லை என்று அலமாரியில் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். என்னைக் கேட்டால், முதல் வேட்டைக் கத்தியாகச் சாதுவான எஃகையே வாங்குங்கள். நடுவில் ஒருமுறை தீட்ட வேண்டியிருக்கும், ஆனால் ஒரு நிமிடத்தில் தீட்டிவிடலாம்.

600-க்கு மேல் போகாத கருவியால் நல்ல கூர் வருமா என்று பலர் கேட்கிறார்கள். வரும், இந்த வேலைக்கு அதுதான் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கண்ணாடிபோல மெருகேற்றிய விளிம்பு முடியை மழிக்கும், மரத்தைச் செதுக்கும், அதாவது தள்ளி வெட்டும் வேலைக்குப் பிரமாதம். தோலும் இறைச்சியும் இழுத்து அறுக்கும் வேலை. 600-ல் நிறுத்திய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்பற்கள் இருக்கும், அவை ஈரமான தோலையும் வழுக்கும் சவ்வையும் கவ்விக்கொள்ளும். அதனால் 600, பிறகு பீங்கானில் சில இழுப்பு, பிறகு தோல் பட்டையில் பிசிறின் மிச்சத்தை எடுக்க நாலைந்து இழுப்பு, அத்தோடு நிறுத்திவிடுகிறேன். தோல் பட்டையில் மட்டும் கத்தியை நுனி பின்னால் வரும்படி, முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும், மாற்றி இழுத்தால் பட்டையையே அறுத்துவிடும்.

எங்கே இது போதாது? 4 அங்குலத் தகடு என்பதால் 6 அங்குலத்துக்கு மேற்பட்ட எலும்பு நீக்கும் கத்திகள், பெரிய இறைச்சிக் கத்திகள் எல்லாம் இதில் பொறுமையைச் சோதிக்கும். ஒரே இழுப்பில் முழு நீளத்தையும் கொண்டுபோக முடியாமல் பகுதி பகுதியாகத் தீட்ட வேண்டிவரும், பகுதிகள் சேரும் இடம் ஒரே சீராக வராது. கெட்டுப்போன விளிம்பைப் புதிதாக வெட்டி எடுக்கவும் இவ்வளவு சின்னத் தகட்டில் 220 கூட மெதுவானதுதான். இதற்கெல்லாம் வீட்டில் 8 அங்குல வைரத் தகடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎம்டி நிறுவனத்தின் தகடுகளில் நீலம் 325 மெஷ் (இதுவும் கிரிட் மாதிரி சொரசொரப்பின் அளவுதான்), சிவப்பு 600, பச்சை 1200. நீலமும் சிவப்பும் இருந்தால் வேட்டைக் கத்திக்கு வேறு எதுவும் வேண்டாம். ஜப்பானிய நீர்க்கல் அருமையான பொருள், ஆனால் ஊறவைக்க வேண்டும், குழி விழும், அதைச் சமப்படுத்த வேண்டும். சாணை பிடிப்பதையே ரசிப்பவர்களுக்கு அது.

ஸ்காண்டிநேவிய முறையில் தீட்டிய கத்தி, அதாவது ஸ்வீடனின் மோரா கத்தி மாதிரி ஒரே அகலமான சரிவு உள்ளது உங்களிடம் இருந்தால் 20 டிகிரி வழிகாட்டியை நம்பாதீர்கள். அந்தச் சரிவு அதைவிட மிகவும் படுத்தது. சரிவை அப்படியே தகட்டின்மேல் தட்டையாக வைத்துத் தீட்டுவதுதான் முறை. 20-ல் தீட்டினாலும் கத்தி வெட்டும், சொல்லப்போனால் இறைச்சி வேலைக்கு அந்தச் சின்ன இரண்டாம் சரிவு உறுதி தரும், ஆனால் கத்தி அதன் பழைய குணத்தோடு இருக்காது. முதுகில் கொக்கி வைத்த கத்திகளுக்குத் தகடு எதுவுமே உள்ளே போகாது, அந்த மெல்லிய பீங்கான் குச்சிதான் ஒரே வழி. அதுவும் சாவகாசமாகச் செய்ய வேண்டிய வேலை.

கருவியைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், கத்தி ஏன் மழுங்குகிறது என்பதைக் கவனித்தால் தீட்டும் வேலையே பாதியாகக் குறையும். விலங்கின் மயிரில் மண்ணும் மணலும் நிறைந்திருக்கும், சேற்றில் புரளும் காட்டுப்பன்றி என்றால் சொல்லவே வேண்டாம். மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், கத்தியின் எஃகையே கீறும் கடினம் அதற்கு உண்டு. மேலிருந்து மயிரோடு சேர்த்து அறுத்தால் ஒவ்வொரு வெட்டும் ஒரு கல்லின்மேல் இழுப்பதுதான். முதலில் ஒரு சின்னத் துளை போட்டு, கத்தியைத் தோலுக்கு அடியில் நுழைத்து, வெட்டுவாயை மேல்நோக்கித் திருப்பி உள்ளிருந்து வெளியே அறுங்கள். மயிர் இரண்டு பக்கமும் விலகும், கத்தியில் படாது, இறைச்சியிலும் மயிர் ஒட்டாது. தோலில் கோடு போட்டபிறகு பெரும்பாலான இடங்களில் கத்தியே வேண்டாம், முஷ்டியால் அழுத்தித் தள்ளினால் சூடு ஆறாத தோல் தானாகப் பிரியும். விலங்கின் காலை வெட்டி எடுக்கும்போது எலும்பில் மோதாமல் மூட்டை அசைத்துப் பார்த்து, எங்கே மடங்குகிறதோ அங்கே குருத்தெலும்பின் வழியாக முனையை விடுங்கள். இடுப்பெலும்பைப் பிளக்கக் கத்தியை உபயோகிக்கவே வேண்டாம், அதற்கு ஒரு சின்ன ரம்பம் போதும்.

தகட்டைத் தேடுவதற்குப் பதில் பிளேடையே மாற்றிவிடலாமே என்று அறுவை சிகிச்சை பிளேடு போன்ற கழற்றி மாட்டும் கத்திகளை ஹேவலான் போன்றவர்கள் விற்கிறார்கள். தோல் உரிப்பதில் அவற்றுக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிளேடு மிக மெல்லியது, மூட்டில் நெம்பினால் ஒடியும், ஒடிந்த துண்டு இறைச்சிக்குள் காணாமல் போகலாம். இருட்டில் ரத்தக் கையோடு பிளேடை மாற்றுவதும் எனக்குப் பிடித்தமான வேலை இல்லை. நான் தடித்த கத்தியும் சாணையும் என்ற பக்கம்தான்.

முடிந்ததும் கத்தியை எப்படிக் கவனிக்கிறோம் என்பதும் கூர்மையைத் தீர்மானிக்கிறது. ரத்தத்தில் உப்பு இருக்கிறது, கார்பன் எஃகுக் கத்தியை ராத்திரி அப்படியே உறையில் செருகி வைத்தால் காலையில் துரு நிற்கும், அந்தத் துரு முதலில் தின்பது மெல்லிய நுனியைத்தான். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கையால் கழுவி, உடனே துடைத்து, முழுசாகக் காயவிட்டு, உணவில் படக்கூடிய மினரல் ஆயில் ஒரு துளி. சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகி நாறும், வேண்டாம். மடக்குக் கத்தியாக இருந்தால் ஆணி இருக்கும் இடத்தில் ரத்தமும் கொழுப்பும் போய் உட்கார்ந்துவிடும், அங்கே பிரஷ் போடாமல் விட்டால் அடுத்த வேட்டையில் நாற்றத்தோடுதான் திறக்கும். இறைச்சி வேலைக்கு மடக்காத கத்தியைச் சொல்வதற்கு எனக்கு முக்கியமான காரணமே இதுதான். நாள்கணக்கில் வைக்கும்போது தோல் உறையில் வைக்காதீர்கள், பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மான் இனங்களில் பரவும் நாள்பட்ட நலிவு நோய் இருக்கும் பகுதிகளில் வேட்டையாடுபவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். இந்த நோய் 1967-ல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்டது, 2016-ல் நார்வேயின் கலைமான்களிலும் தெரியவந்தது. அதற்குக் காரணமான பிரியான் என்ற உருத்திரிந்த புரதத்தைக் கொதிநீரோ ஆல்கஹாலோ அழிக்காது. 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் வீட்டு உபயோக ப்ளீச் 40 சதவீதம், மிச்சம் தண்ணீர் என்று கலந்த கரைசலில் 5 நிமிடம் ஊறவைத்தபோது துருப்பிடிக்காத எஃகுப் பரப்பிலிருந்த பிரியான் செயலிழந்தது. ஆனால் கரைசல் சதைத் துணுக்குக்குள் ஊடுருவவில்லை. ஆகவே முதலில் பிரஷ் போட்டுத் துணுக்கு எதுவும் ஒட்டாமல் கழுவிவிட்டு, பிறகுதான் ப்ளீச். 5 நிமிடம் ஆனதும் எடுத்து நிறையத் தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள், ப்ளீச்சிலேயே கிடந்தால் துருப்பிடிக்காத எஃகிலும் குழி விழும். மரப்பிடி, தோல் வளையப் பிடி எல்லாம் இந்த வைத்தியத்தைத் தாங்காது, அந்தப் பகுதிகளில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பிடியுள்ள கத்திதான் புத்திசாலித்தனம். அப்படிப்பட்ட விலங்கை அறுத்த கத்தியைக் கழுவாமல் நடுவில் தகட்டில் தீட்டினால் தகட்டையும் அதே மாதிரி சுத்தம் செய்ய வேண்டும், தோல் பட்டையைச் சுத்தம் செய்ய வழியில்லை. அதனால் அங்கெல்லாம் தோல் பட்டைப் பக்கமே போகாமல் பீங்கானோடு முடித்துக்கொள்வது நல்லது.

யார் வாங்கலாம்? கையால் கோணம் பிடிக்க இன்னும் வராதவர்கள், 3 முதல் 5 அங்குலக் கத்தியோடு மான், பன்றி அளவு விலங்குகளை அறுப்பவர்கள், தண்ணீரும் மேஜையும் இல்லாத இடத்தில் வேலை செய்பவர்கள், தயங்காமல் வாங்குங்கள். வருடக்கணக்காக வெறும் கல்லில் தீட்டிப் பழகிய கையென்றால் இந்தச் சரிவுகள் உங்களுக்குத் தேவையில்லை, மடித்து வைக்கும் சின்ன வைரத் தகடு ஒன்றும் பீங்கான் கோல் ஒன்றும் எடையும் குறைவு, இடமும் குறைவு. வாங்குபவர்கள் வந்த அன்றே வீட்டில் பழைய கத்தி ஒன்றை முழுசாக மழுங்கடித்து, மார்க்கர் பூசி, பிசிறு எழுப்பிப் பிசிறு எடுத்து, கை அந்த 20 டிகிரியைப் பிடித்துக்கொள்ளும்வரை தீட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு நல்ல கத்தியைத் தொடுங்கள்.